இழைப்புளி பிடித்தவர்கள் பறந்த கதை

(தச்சுத் தொழில் பயிலும் மாணவர்களின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மர வேலையைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். கதவு, நிலை, கட்டில், தேர் என்று பேச எவ்வளவோ இருக்கிறது. நான் எடுத்துக்கொண்டது விமானம். நூறு பேரை ஏற்றிக்கொண்டு போகிற விமானம் இல்லை. ஒருவரோ இருவரோ உட்காரக்கூடிய சின்ன விமானம். அதை மரத்தில் கட்டியவர்களும் பழுது பார்த்தவர்களும் அதில் தாங்களே ஏறிப் பறந்ததைச் சொல்லும் நினைவுகள்தான் என் பொருள்.

விமான வரலாற்றில் ஓட்டியவர் பெயர் இருக்கும், எஞ்சின் பெயர் இருக்கும். இறக்கையை இழைத்தவர் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. ஆனால் முதல் முப்பது ஆண்டுகளில் விமானங்களில் பெரும்பாலானவை மரப் பட்டறையிலிருந்துதான் வெளியே வந்தன. அந்தப் பட்டறைக்காரர் மேலே போய்த் திரும்பி வந்து சொல்லும் நினைவு, மற்ற விமானிகள் சொல்வதிலிருந்து அடியோடு வேறாக இருக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டு வியந்தவன் நான்.

ரைட் சகோதரர்களை சைக்கிள் கடைக்காரர்கள் என்று படித்திருப்பீர்கள். சைக்கிள் கடை தொடங்கும் முன்பே, 1892 வாக்கில், ஒஹையோ மாநிலம் டேட்டன் நகரில் தங்கள் வீட்டைச் சுற்றி மரத் திண்ணை கட்டியவர்கள் அவர்கள். அதன் தூண்களைத் தாங்களே கடைசல் பிடித்தார்கள். 1903 டிசம்பர் 17-ஆம் தேதி பறந்த விமானத்தின் சட்டம் ஸ்புரூஸ் மரம். வளைய வேண்டிய இடங்களில் ஆஷ் மரம். மேலே பருத்தித் துணி. எட்டரை அடி நீளமுள்ள இரண்டு புரொப்பெல்லர்களையும், ஸ்புரூஸ் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கைக்கோடரியாலும் இரு கைப்பிடி போட்ட இழுப்புக் கத்தியாலும் செதுக்கினார்கள். காற்றில் சுழலும் விசிறிக்கு அன்றைக்கு நம்பத் தகுந்த கணக்கே கிடையாது. கணக்கையும் அவர்களே போட்டு, அந்தக் கணக்கு கேட்ட முறுக்கைக் கைவேலையால் மரத்தில் கொண்டுவந்தார்கள். பின்னாளில் சோதித்தவர்கள் அந்தப் புரொப்பெல்லரின் திறன் 75 சதவீதத்துக்கும் மேல் என்று கண்டார்கள். எஞ்சினைச் செய்த மெக்கானிக் சார்லி டெய்லரின் பெயரை எல்லா நூல்களும் சொல்கின்றன. புரொப்பெல்லரைச் செதுக்கிய கைதான் விமானத்தையும் ஓட்டியது என்பதை அழுத்திச் சொல்லும் நூல்கள் குறைவு.

ஏழு ஆண்டுக்குள் இந்த வேலை நம் ஊருக்கே வந்துவிட்டது. சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்செலிஸ் என்பவர், பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தியைப் படித்துவிட்டு, தாமும் பறக்க வேண்டும் என்று இறங்கினார். தாம் போட்ட வரைபடத்தை சிம்சன் கம்பெனியிடம் கொடுத்து விமானம் செய்துகொண்டார். சிம்சன் அப்போது கோச்சு வண்டி கட்டுவதில் பேர் போன நிறுவனம். பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்து, 1910-இல் தீவுத்திடலில் மக்கள் முன்னால் பறந்து காட்டினார். டி ஏஞ்செலிஸ் பெயர் சென்னை வரலாற்றில் நிலைத்துவிட்டது. கோச்சு வண்டிக்கு வளைவு எடுத்துப் பழகிய சிம்சன் பட்டறைக் கைகள் இறக்கைக்கு வளைவு எடுத்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தங்கள் கைவேலை தரையை விட்டு எழும்பியதை அந்தத் தொழிலாளர்கள் எந்த மனத்தோடு பார்த்திருப்பார்கள்! அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவி மக்களிடம் என்ன சொல்லியிருப்பார்கள்! அதை எழுதிவைக்க அப்போது யாருக்கும் தோன்றவில்லையே என்பது எனக்கு மாறாத வருத்தம்.

இனி மரத்துக்கு வருவோம். இங்கே தேக்கில் வேலை செய்கிறவர்கள் அதிகம். தேக்கு ஒரு கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் நிற்கும். அமெரிக்காவின் வடமேற்குக் கரையோரம் வளரும் சிட்கா ஸ்புரூஸ் 400 முதல் 450 கிலோதான். அந்த எடைக்கு அது தாங்கும் பாரம் மிக அதிகம். நார் நேராக ஓடும், கணு குறைவு, நீள நீளமாகப் பழுதில்லாமல் எடுக்கலாம். முதல் உலகப் போரில் இந்த மரத்துக்காகவே அமெரிக்க ராணுவம் தனிப் பிரிவு ஒன்றை அமைத்து, 25,000-க்கும் மேற்பட்ட சிப்பாய்களை ஒரிகன், வாஷிங்டன் காடுகளுக்கு அனுப்பியது.

அந்த மரத்தையும் அப்படியே எடுத்துவிட முடியாது. அங்குலத்துக்கு ஆறு வளையத்துக்குக் குறையக் கூடாது. பதினைந்து அங்குல நீளத்தில் நார் ஓர் அங்குலத்துக்கு மேல் சாயக் கூடாது. பேனா மையை ஒரு சொட்டு விட்டால் அது நார் போகிற பக்கம் ஓடும்; அதை வைத்துச் சாய்வை அளப்பார்கள். எல்லாவற்றையும் விட அபாயமானது நார் நெரிசல். மரம் புயலில் வளைந்தபோதோ, வெட்டி வீழ்த்தியபோதோ உள்ளே நார் நசுங்கியிருக்கும். பலகையில் அது குறுக்கே ஒரு மெல்லிய கோடாகத்தான் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் கண்ணில் படும். கட்டிலுக்கு அந்தப் பலகை போதும். இறக்கையின் முதுகெலும்பாக இருக்கிற ஸ்பாருக்கு ஆகாது. பார்த்துவிட்டால் எத்தனை விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷ் நகரில் ஆண்டுதோறும் ஜூலைக் கடைசியில் சின்ன விமானக்காரர்கள் கூடுகிறார்கள். சொந்தக் கையால் விமானம் கட்டுகிறவர்களுக்காக 1953-இல் பால் போபரெஸ்னி தொடங்கிய சங்கத்தின் திருவிழா அது. கூட்டமெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்குப் பிடித்த இடம் மர வேலைக் கூடாரம். வருகிற யாரும் அங்கே உட்கார்ந்து இறக்கையின் விலா எலும்பு ஒன்றைச் செய்து பார்க்கலாம். கால் அங்குலக் கனமுள்ள ஸ்புரூஸ் குச்சிகளை அச்சுப் பலகையில் வளைத்துப் பொருத்தி, சேருமிடங்களில் பிளைவுட் முக்கோணங்களைப் பசை தடவி ஒட்ட வேண்டும். முடித்த விலாவைக் கையில் எடுத்தால் எடையே தெரியாது. எட்டு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரே மேசையில் அதைச் செய்துகொண்டிருப்பார்கள்.

அங்கே ஒரு முதியவரைச் சந்தித்தேன். வாழ்நாள் முழுவதும் சமையலறை அலமாரி செய்து பிழைத்தவர். அவர் கட்டி ஓட்டியது பீட்டன்பால் ஏர் கேம்பர். மினசோட்டாவின் செர்ரி குரோவ் என்ற சிற்றூர்க்காரரான பெர்னார்ட் பீட்டன்பால், 1929-இல் ஃபோர்டு காரின் 40 குதிரைத்திறன் எஞ்சினைப் பூட்டி ஓட்டிக் காட்டிய விமானம் அது. 1932-இல் அதன் வரைபடம் பத்திரிகையில் வெளியானது. பொருளாதார மந்தக் காலத்தில் காசில்லாத கிராமத்து இளைஞர்கள் அதைப் பார்த்துக் களஞ்சியங்களிலும் மாட்டுக் கொட்டகைகளிலும் விமானம் கட்டினார்கள். இன்றும் கட்டுகிறார்கள். இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்காரலாம்; மேலே கூரை கிடையாது; எஞ்சினின் ரேடியேட்டர் நேராகக் கண்ணுக்கு முன்னால் நிற்கும். அதன் ஓரமாக எட்டிப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

முதல் முறை மேலே போனபோது எப்படி இருந்தது என்று கேட்டேன். வயலையோ ஏரியையோ பார்த்ததாகவே தமக்கு நினைவில்லை என்றார். இறக்கையைத் தாங்கும் முட்டு வந்து சேருகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த இடத்துக்குக் கிளாம்ப் போட்டது ஒரு பிப்ரவரி மாத ராத்திரி. பட்டறையில் கடும் குளிர். குளிரில் பசை சரியாக இறுகாது என்று போர்வையைச் சுற்றி, கீழே மின்விளக்கை எரியவிட்டு, விடியும்வரை பக்கத்தில் காவல் இருந்திருக்கிறார். "மேலே போனதும் அந்த ராத்திரிதான் முழுக்க ஞாபகம் வந்தது" என்றார்.

அவரிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. உள்ளே உடைந்த மரத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி எழுதியிருந்தது. விமானம் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு தடவை பசை கலக்கும்போதும், அதே பசையில் இரண்டு வீண் துண்டுகளை ஒட்டி எடுத்துவைப்பார்கள். காய்ந்த பிறகு அதை உடைத்துப் பார்க்க வேண்டும். மரம் கிழிந்து உடைந்தால் ஒட்டு நன்றாக இருக்கிறது என்று பொருள். பசைக் கோட்டோடு பிரிந்து வந்தால் அன்று ஒட்டியதையெல்லாம் கழித்துவிட வேண்டும். என் கையில் கொடுத்த துண்டுகளில் எல்லாம் மரம்தான் கிழிந்திருந்தது. வெள்ளை நார் சிலிர்த்துக்கொண்டு நின்றது. மற்ற விமானிகள் பறந்த நேரத்தைப் பதிவேட்டில் குறிக்கிறார்கள். இவருக்கு அந்தப் பெட்டியும் ஒரு பதிவேடு. எந்தத் துண்டு இறக்கையில் எந்த இடத்துக்குச் சொந்தம் என்று அவரால் சொல்ல முடிந்தது.

இத்தனை கவனம் ஏன் என்று கேட்கலாம். ஒட்டு விட்டால் என்ன ஆகும் என்பதை 1931 மார்ச் 31 காட்டியது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஃபாக்கர் பயணிகள் விமானம் ஒன்று மர இறக்கை பிய்ந்து விழுந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் நாடறிந்த அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னி. இறக்கைக்குள் ஈரம் புகுந்து பசையைக் கெடுத்திருந்தது. அக்காலத்தில் பரவலாக இருந்தது பாலிலிருந்து எடுக்கிற கேசின் பசை. ஈரமும் பூஞ்சணமும் அதற்குப் பகை. அந்த விபத்துக்குப் பிறகு பயணிகள் விமானம் உலோகத்துக்கு வேகமாக மாறியது. மரத்தை மட்டும் குற்றவாளி ஆக்கியதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அமீலியா இயர்ஹார்ட் 1932-இல் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்த லாக்ஹீட் வேகாவும் மர விமானம்தான். சிமென்ட் அச்சுக்குள் மெல்லிய ஸ்புரூஸ் தகடுகளைப் பசையோடு அடுக்கி, ரப்பர் பையில் காற்றடித்து அழுத்தி, உடலை இரண்டு பாதியாக எடுத்து ஒட்டிய வேலை அது. மரத்துக்குத் தேவைப்பட்டது நல்ல பசையும், உள்ளே திறந்து பார்த்துச் சோதிக்க ஒரு வழியும்.

நல்ல பசை வந்தபோது மரம் என்ன செய்தது என்பதற்கு டி ஹாவிலண்ட் மஸ்கிட்டோ சாட்சி. அது சின்ன விமானம் இல்லை. இரட்டை எஞ்சின் போர் விமானம். ஆனாலும் இந்தப் பேச்சில் அதை விட்டுவிட முடியாது. அதை வடிவமைத்த நிறுவனத்தின் தலைவர் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் 1909-இல் தம் முதல் விமானத்தைத் தாமே கட்டியவர். இறக்கைத் துணியைத் தைத்துக் கொடுத்தவர் அவர் மனைவி லூயி. மஸ்கிட்டோ முதன்முதலில் பறந்தது 1940 நவம்பர் 25-இல். உடலின் வெளியிலும் உள்ளிலும் பிர்ச் பிளைவுட், நடுவில் ஈக்வடாரிலிருந்து வந்த பால்சா. மொத்தம் 7,781 விமானங்கள் கட்டினார்கள். அலுமினியம் தட்டுப்பாடான அந்தக் காலத்தில், இங்கிலாந்தின் நாற்காலி நகரமான ஹை விக்கம் முழுவதும் இறக்கைப் பாகங்கள் செய்யத் திரும்பியது. சாப்பாட்டு மேசை செய்த கடைகளில் பெண்கள் நின்று ஸ்பார் ஒட்டினார்கள்.

அந்த விமானம் இந்தியாவுக்கு வந்தபோதுதான் சிக்கல். 1944 நவம்பரில் இங்கிருந்த மஸ்கிட்டோக்கள் அனைத்தையும் பறக்கவிடாமல் தரையில் நிறுத்தினார்கள். வானத்திலேயே இறக்கை பிய்ந்து விழுந்த விபத்துகள்தான் காரணம். மழைக்காலத்து ஈரத்திலும் வெயிலிலும் மரம் ஊதிச் சுருங்கியதுதான் காரணம் என்றது கம்பெனி அனுப்பிய குழு. வேறொரு விசாரணை, பாகங்களைப் பொருத்தியதிலேயே குறை என்றது: ஒட்டு முகங்கள் ஒன்றோடொன்று படியவில்லை, இடைவெளியைப் பசை நிரப்பிக்கொண்டிருந்தது. எனக்கு இரண்டாவது முடிவே சரியாகப் படுகிறது. படியாத முகத்தைப் பசையால் நிரப்பினால் என்ன ஆகும் என்பது இந்த அவையில் உளி பிடித்த எல்லோருக்கும் தெரியும். வெயில் வந்து அந்தக் குறையை வெளியே இழுத்துப் போட்டது, அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் விமான மர வேலை தழைத்த காலம் உண்டு. 1932 அக்டோபர் 15-இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த புஸ் மாத் விமானத்தின் இறக்கை மர இறக்கை. பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக மெட்ராசுக்கு அந்தத் தபாலைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். பின்னர் இந்தியப் பறக்கும் சங்கங்களில் தலைமுறை தலைமுறையாக ஓடிய டைகர் மாத்தின் இறக்கைகளும் மரச் சட்டத்தில் துணி போர்த்தவை. சுதந்திரத்துக்குப் பின் மத்திய விமானப் போக்குவரத்துத் துறைக்காக எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த மர கிளைடர்கள் வந்தன. 1961-இல் பறந்த ரோகிணியில் இருவர் அக்கம்பக்கமாக உட்காரலாம். 1963-இல் ஒற்றை இருக்கை கார்த்திக் வந்தது. எஞ்சின் இல்லாத இந்த கிளைடர்களில்தான் எத்தனையோ இளைஞர்கள் பறக்கப் பழகினார்கள்.

அப்படி ஒரு கிளைடர் சங்கத்தில் வடக்கே பல வருஷம் தச்சு வேலை பார்த்துவிட்டு, தென்காசிப் பக்கம் சொந்த ஊருக்கே திரும்பிய பெரியவர் ஒருவரிடம் நான் கேட்டறிந்ததை அப்படியே சொல்கிறேன்.

ரோகிணி ஒன்று தரையில் முரட்டுத்தனமாக இறங்கியதில், இருக்கைக்குப் பக்கத்துப் பிளைவுட் சுவர் கிழிந்துவிட்டது. கிழிந்த இடத்தை வெட்டியெடுத்து, ஓரத்தைச் சாய்வாக இழைத்து, அதே சாய்வில் இழைத்த புதுத் துண்டை ஒட்ட வேண்டும். கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலம் சாய்வு வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு இருபத்துநான்கு மில்லிமீட்டர். "சாய்வு சரியா வந்திருக்கான்னு எப்படி ஐயா தெரிஞ்சுக்குவீங்க?" என்று கேட்டேன். "அடுக்கு சொல்லும் தம்பி" என்றார். சாய்வாக இழைக்கும்போது பிளைவுட்டின் மூன்று அடுக்கும் மூன்று பட்டையாகத் தெரியும். பட்டையின் ஓரம் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடினால் சாய்வு சரி. எங்கேயாவது வளைந்தால் அங்கே கை அழுந்திவிட்டது. அரைநாள் அதற்கே போகுமாம்.

வேலை முடிந்தது. பொறியாளர் வந்து சோதித்துக் கையெழுத்துப் போட்டார். பயிற்சியாளர் சோதனைக்கு மேலே போகும்போது, "மிஸ்திரி, நீங்களும் ஏறுங்க" என்று பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துவிட்டார். அவர் அதற்கு முன் பறந்ததில்லை. தரையில் நின்ற வின்ச் எந்திரம் கிளைடரின் கம்பியை இழுத்தது. மூக்கு செங்குத்தாக ஏறியது.

"கம்பி இழுக்கிறப்ப உடம்பு பூரா கிறீச்சு கிறீச்சுனு சத்தம். எனக்கு அதுல பயமில்ல. புதுக் கட்டில் பேசுமே, அது மாதிரிதான். கம்பிய விட்டதும் ஒரு சத்தமும் இல்ல தம்பி. காத்து மட்டும்தான். அப்ப நான் ஒட்டுன இடத்துல உள்ளங்கைய வெச்சேன். லேசா அதிர்ந்துச்சு. கொஞ்சம் தள்ளி பழைய பலகைல வெச்சேன். அதுவும் அதே மாதிரி அதிர்ந்துச்சு. ரெண்டும் ஒண்ணாயிருச்சுன்னு அப்பத்தான் மனசு நம்புச்சு."

கீழே என்ன தெரிந்தது என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றார். அமெரிக்கப் பெரியவர் சொன்ன அதே பதில். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. மொழியும் வேறு, மரமும் வேறு. இரண்டு பேரும் வானத்தில் தங்கள் ஒட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளங்கையால் இரண்டு அதிர்வை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதை நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை. அந்த கிளைடரின் பதிவேட்டில் பழுது பார்த்த தேதியும் பொறியாளரின் கையெழுத்தும் இருக்கும். அந்த உள்ளங்கையைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது.

மர விமானத்தில் கை வைத்து வேலை செய்த தலைமுறை இப்போது எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ, பறக்கும் சங்கத்திலோ கிளைடர் பட்டறையிலோ விமானப்படைப் பணிமனையிலோ மர வேலை பார்த்தவர்கள் இருந்தால், இந்த வாரமே போய்ப் பாருங்கள். கைபேசியில் அவர்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். என்ன மரம், எங்கிருந்து வந்தது, என்ன பசை, எப்படிக் கலக்கினார்கள், எந்த உளி, யார் சொல்லிக்கொடுத்தார் என்று கேளுங்கள். பழைய அச்சுப் பலகை, வரைபடம், உடைந்த விலா எது இருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்கள் எப்போதாவது மேலே ஏறிப் பறந்தார்களா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். ஏறியிருந்தால், அந்த நாளை அவர்கள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் உட்கார்ந்து கேளுங்கள். பதிவு செய்ததில் ஒரு பிரதியை உங்கள் ஊர் நூலகத்தில் கொடுத்துவையுங்கள்.